நாலாவது இன்ஜெக்டர்

எங்கள் சின்ன லாரியின் இன்ஜின் சேலம் ரோட்டில் ஜாம் ஆகி நின்ற அன்றே என் வீட்டுக்காரர் முடிவு கட்டிவிட்டார். வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, பெருந்துறையில் ஒரு முதலாளியின் லாரிக்கு டிரைவராகப் போவாராம். சொந்த வண்டி ஓட்டியவர் இன்னொருவர் வண்டிக்குக் கைகட்டி நிற்பதா? நான் விடவில்லை. உக்கடத்துப் பழைய சாமான் கடைகளை முழுக்க அலசி, அதே மாடலில் ஒரு பழைய இன்ஜினை வாங்க வைத்தேன். இதுவும் ஓடாவிட்டால் மறுநாளே பெருந்துறை என்று சொல்லிவிட்டார்.

அவிநாசியில் மெக்கானிக் இன்ஜினை ஏற்றி முடித்தார். மிச்சம் இன்ஜெக்டர் வேலைதான். டீசலைப் பீய்ச்சுகிற அந்த நான்குக்கும் தலையில் ஆளுக்கொரு குறியீடு பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். அதை வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் எது எவ்வளவு பீய்ச்சும் என்று அதற்குப் புரியுமாம். பொடி எழுத்து மெக்கானிக்கின் கண்ணுக்குப் பிடிபடவில்லை. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள், ஊசிமுனை ஓட்டைகூடத் தப்பாது. பம்பரில் ஏறி, பானெட்டுக்குள் தலையை விட்டு நான் வாசிக்க, அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, வண்டிக் கம்ப்யூட்டரோடு இணைத்த ஸ்கேனரில் அடித்தார். என் வீட்டுக்காரர் வண்டிக்கு அடியில் போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தார். போனில் ஒரு போட்டோ எடுத்தால் தீர்ந்தது என்று மூன்று மண்டையிலும் தோன்றவில்லை.

வயதில் பெரியவரிடம் மொட்டையாகச் சொல்ல எனக்கு வாய் வருமா? "எட்டுங்க, ரெண்டுங்க, எஃப்புங்க" என்று மரியாதையாகத்தான் வாசித்தேன். மூன்று இன்ஜெக்டர் சரியாக ஏறியது. நாலாவது ஏறவில்லை.

"ரெண்டு எழுத்து கொறையுதுங்க அம்மணி. இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னேன். அடியிலிருந்து என் வீட்டுக்காரர், "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் புள்ள" என்றார். எதை என்று எனக்கு விளங்கவில்லை. மறுபடியும் இரண்டு எழுத்து குறைந்தது.

"இது வேற வண்டி இன்ஜெக்டருங்க. யாரோ மாத்திப் போட்டிருக்கறாங்க" என்று மெக்கானிக் ஸ்கேனரை மடியில் வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் வெளியே வந்து போனை எடுத்தார். "பெருந்துறைக்குச் சொல்லிப்போடறேன்."

பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "செத்த நிறுத்துங்க!" என்று கத்திவிட்டு மறுபடி பம்பரில் ஏறினேன்.

"ஏழுங்க, ஏங்க, டீங்க, மூணுங்க..."

"இங்கதான நிக்கறேன், எதுக்குக் கூப்பிடறே? டீ அப்பறம்னு எத்தன தடவ சொல்றது?" என்று சீறினார் என் வீட்டுக்காரர்.

"உங்களை ஆருங்க கூப்பிட்டா? எழுத்துங்க அது! ஏ! டி!"

மெக்கானிக் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "அட, ஊட்டுக்காரரை டீக்குக் கூப்பிடறீங்கன்னு நெனச்சு உட்டுப்போட்டனுங்க!"

சிரித்துச் சிரித்து நான் பம்பரிலிருந்து விழப் பார்த்தேன். மெக்கானிக் அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்து அடித்தார், ஏறியது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் கொஞ்சம் இருமி, பிறகு சீராக ஓடியது.

என் வீட்டுக்காரர் பெருந்துறைக்குப் போன் போட்டார். "நாளைக்கு நான் வரலீங்க. எங்க வண்டி கெளம்பிருச்சுங்க." சொல்லிவிட்டு பானெட்டைத் தடவிக் கொடுத்தார். அவருக்கும் போக மனசில்லாமல்தான் இருந்திருக்கிறது. என்னிடம்தான் சொல்லவில்லை.