கத்தாத பெல்ட்

என் பழைய காரின் ஃபேன் பெல்ட்டை இன்று வாசலில் வைத்து நானே மாற்றினேன். மெக்கானிக் அரை மணியில் முடிக்கிற வேலை, எனக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. கருகிய ரப்பர் நாற்றம் விரலில் ஏறியதும், எண்பதுகளில் ஓசூரில் அப்பா ஏலத்தில் எடுத்து ஓட்டிய கார் ஞாபகம் வந்தது.

அதன் பெல்ட் தெருமுனையிலேயே கீச்சிடும். "உங்கப்பன் பன்னிக்குட்டி வருதுடா" என்பார் பக்கத்து வீட்டுக் கன்னட மாமா. உடனே பிள்ளைகள் மூவரும் ரேடியோவை அணைத்துப் புத்தகத்தைத் திறப்போம். அம்மா கொதிக்கும் உலையில் ராகி மாவைக் கொட்டிக் கிண்டுவாள். ஷிப்டு முடிந்து வந்த அப்பா கைகால் கழுவி உட்காரும்போது தட்டில் களி ஆவி பறக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா புது பெல்ட் மாட்டினார். அதிலிருந்து கார் பூனை மாதிரி வந்து நின்றது. அம்மா உத்தேசமாகக் கிண்டி வைத்த களி தினமும் ஆறிக் கிடந்தது.

"முந்தியெல்லாம் வாய் பொத்துப்போற மாதிரி சூடாப் போடுவே. இப்ப எம்மேல அக்கறை விட்டுப்போச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

காரணத்தைச் சொன்னால் ரேடியோவை அணைத்துவிட்டுப் படிப்பதுபோல நாங்கள் போட்ட நாடகமும் அம்பலமாகும் என்று அம்மா மழுப்பிவிட்டாள். நான் வரலாற்றுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுச் சிரித்தேன். அப்பா கடைசிவரை அப்படியேதான் நம்பினார்.

இன்று புது பெல்ட்டோடு ஒரு சுற்றுப் போய்விட்டு, பெரிய வீரன்போல வீட்டுக்குள் நுழைந்தேன். நான் வரும்போது எப்போதும் தயாராக இருக்கும் டீயைக் காணோம்.

"எப்ப வந்தீங்க? சத்தமே கேக்கலியே" என்றாள் மனைவி.

அப்பாவிடம் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.