நாலு பத்துக்கு மூன்று தட்டு

இது நடந்தது. இப்படி ஆரம்பிக்கிறவர்கள் பாதிப் பேர் அளப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அர்ச்சுனன் பொய்யே சொல்லாத உத்தமர், அதனால் நம்புங்கள் என்றும் நான் சொல்லப் போவதில்லை. அவர் ஒரு பெரிய பொய் சொன்னவர். பெற்ற மகளிடமே சொன்னார். அதைத் தன் வாயாலேயே என்னிடம் ஒப்புக்கொண்ட மனுஷன், மீதிக் கதையில் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? அதனால்தான் நம்புகிறேன். நீங்கள் நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட் என்று ஒரு ஊர். அங்கே ஒரு வரிசை வீட்டில் அர்ச்சுனனும் அவர் மனைவி நல்லம்மாளும் இருந்தார்கள். அவருக்கு அறுபத்தொன்பது, அந்தம்மாவுக்கு அறுபத்தாறு. ஒரே மகள் கலாதேவி, தைப்பிங்கில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவாள்.

இரண்டு பேரும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கித்தா ஆலையில் வேலை பார்த்தவர்கள். உறைந்த ரப்பர் பாலை நசுக்கித் தள்ளும் உருளை மெஷினில்தான் அவர்களுக்கு வேலை. அது ஓடும்போது காதோடு காது வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் ஆலையில் யாரும் வாயால் கூப்பிடுவதில்லை. மெஷின் முன்னால் போட்ட பலகைத் தரையில் காலால் மூன்று தட்டு. அதிர்வு உள்ளங்காலில் ஏறும். ‘இங்கே வா’ என்று அர்த்தம். பதிலுக்கு ஒரு தட்டு. ‘வர்றேன்’ என்று அர்த்தம். இவர்கள் காதலித்ததே இந்தத் தட்டில்தான். பக்கத்தில் நின்ற கங்காணிக்குக் கல்யாணப் பத்திரிகை வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது!

கல்யாணத்துக்குப் பிறகும் அதே பழக்கம். தோட்டத்து வீடும் பலகை வீடுதான். அடுப்படியில் நல்லம்மாள் மூன்று தட்டினால் வாசலில் இவர் எழுந்துவிடுவார். வருஷக்கணக்கில் கேட்ட மெஷின் சத்தம் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

பிறகு முதலாளிகள் தோட்டத்தை விற்றார்கள். இவர்கள் லகாட்டுக்கு வந்தார்கள். இங்கே சிமெண்டுத் தரை. அது எந்த அதிர்வையும் கொண்டுவராது. நல்லம்மாள் நடந்து வந்து இடது தோளைத் தொட்டுத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? அவசரம் என்றால் முதலில் மூன்று தட்டுவார். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து வருவார்.

போன செப்டம்பரில் கலாதேவி அப்பாவை ஈப்போவுக்கு அழைத்துப் போய் இரண்டு காதுக்கும் கேட்கும் மெஷின் மாட்ட வைத்தாள். மாட்டிய பெண் பெயர் ஷர்மினி. பொறுமையான பெண்.

“அங்கிள், உங்க மூளை மறந்துபோன சத்தத்த எல்லாம் திரும்பப் படிக்கணும். ஆரம்பத்துல சூசாதான், கஷ்டமா இருக்கும், எரிச்சலா வரும். ஆனா தினம் போடணும் லா. ட்ராயர்ல வச்சிட்டா ஒன்னும் நடக்காது.”

இவர் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினார். நாலு நாள் போட்டார். அப்பளம் கடித்தால் மண்டைக்குள் கூரை சரிந்தது. பிளாஸ்டிக் பையைப் பிரித்தால் காது கூசியது. தன் குரலே கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஐந்தாம் நாள் பின்பக்கத் தகரக் கூரையில் மழை கொட்டியது. அவ்வளவுதான். இரண்டையும் பிடுங்கி ட்ராயரில் போட்டு மூடிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மகள் கார் சத்தம் நல்லம்மாளுக்குக் கேட்டதும் ஓடிவந்து சைகை காட்டுவார். இவர் மெஷினை எடுத்து மாட்டிக்கொள்வார்.

“பொண்டாட்டி பேசுறது கேக்கக் கூடாதுன்னே வச்சிருக்காரு” என்று மகள் போன பிறகு நல்லம்மாள் சிரிப்பார். அதுவும் இவருக்குக் கேட்காது.

நவம்பர் பதிமூன்று, வியாழக்கிழமை. நல்ல மழை. நாலு மணிக்கு நல்லம்மாள் துணி துவைக்கப் பின்பக்கக் குளியலறைக்குப் போனார். அர்ச்சுனன் முன்ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்திருந்தார்.

5:25க்குத் தேநீர் வரவில்லையே என்று எழுந்து போனார்.

நல்லம்மாள் தரையில் கிடந்தார். தலையில் அடி. உடம்பு சில்லிட்டிருந்தது. வலது கையில் துணி தேய்க்கும் மரப் பிரஷ். அந்த மரம் ஒரு பக்கம் பிளந்து, நார் நாராக வந்திருந்தது. சிமெண்டில் ஒரே இடத்தில் வெள்ளையாகக் கீறல்.

பார்த்த உடனே புரிந்துவிட்டது. கத்தினால் இவருக்குக் கேட்காது என்று அந்தம்மாவுக்குத் தெரியும். அதனால் நாற்பது வருஷமாகக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டிருக்கிறார். மெஷின் காதில் இருந்திருந்தால் கேட்டிருக்கும். அது ட்ராயரில் இருந்தது.

யாரும் வருவதற்கு முன்னால் பிரஷைக் கையிலிருந்து எடுத்துக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினார். மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டார். அன்று அவர் செய்த காரியங்களில் இந்த இரண்டையும் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது.

இரவு கலாதேவி கேட்டாள்.

“அப்பா... மெஷின் போட்டிருந்தீங்களா? அம்மா கூப்பிட்டாங்களா?”

“போட்டுத்தான்மா இருந்தேன். ஒரு சத்தமும் வரல. அம்மா உடனே போயிட்டாங்க.”

மகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அம்மா கஷ்டப்படாமல் போய்விட்டார் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் அழுகையை அடக்கினாள். அவள் சொல்லும்போதெல்லாம் இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கருமாதி முடிந்தது. டிவியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எடுத்துக்கொண்டு போ என்று மகளிடம் கொடுத்துவிட்டார். மெஷினைக் காலையில் கண் விழித்ததும் மாட்டினார், படுக்கும்போதுதான் கழற்றினார். எரிச்சலோ, வலியோ, கழற்றவில்லை. அது அவர் தனக்குப் போட்டுக்கொண்ட தண்டனை. கடிகாரம் துடிப்பது கேட்டது. பல்லி கேட்டது. வீட்டில் ஆள் இல்லாததும் கேட்டது.

டிசம்பர் இரண்டு, செவ்வாய். மாலை 4:10.

டொக்... டொக்... டொக்.

பின்பக்கம்.

குழாய் சொட்டுகிறது என்று நினைத்தார். போய்ப் பார்த்தார். குளியலறைத் தரை காய்ந்து கிடந்தது. குழாய் இறுக்கமாக மூடியிருந்தது. இடது பக்கத்து வீட்டில் ஆறு மாதமாக ஆளில்லை. வலது பக்கத்து வீட்டு உடையப்பன் வேலை முடிந்து வர ஏழாகும்.

திரும்பி வந்து உட்கார்ந்தார்.

டொக்... டொக்... டொக்.

மெஷினைக் கழற்றினார். அமைதி. மாட்டினார். டொக்... டொக்... டொக். எழுந்து போனால் நின்றுவிடும். வந்து உட்கார்ந்தால் ஆரம்பிக்கும். முதலில் வேகமாக வந்தது. பிறகு இடைவெளி கூடியது. பிறகு மூன்று இரண்டானது. இரண்டு ஒன்றானது. கடைசியில் ஒரு உரசல்...

கடிகாரத்தைப் பார்த்தார். 4:50.

அன்றைக்கு எவ்வளவு நேரம் தட்டியிருப்பாள் என்று இத்தனை நாளும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். பதில் வந்துவிட்டது. நாற்பது நிமிஷம்.

மறுநாளும் 4:10. அதற்கு மறுநாளும். ஞாயிறன்று மகள் எதிரில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதும் வந்தது.

“என்னப்பா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?”

“ஒன்னுமில்லம்மா.”

அவளுக்குக் கேட்கவில்லை. சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டார். பயத்தைவிட அந்த விழுங்கல்தான் அவரை அறுத்தது.

டிசம்பர் பத்தொன்பது, வெள்ளி. இனித் தாங்காது என்று 4:05க்கு மெஷின் இரண்டையும் கழற்றி ட்ராயரில் போட்டு மூடினார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை இறுக்கிக்கொண்டார்.

4:10. ஒன்றுமில்லை.

4:11. ஒன்றுமில்லை.

அப்பாடா என்று மூச்சு விட்டார்.

உள்ளங்காலில் ஏதோ ஏறியது.

மூன்று.

சிமெண்டுத் தரை. அதிரவே அதிராத தரை...

மறுபடி மூன்று. பின்பக்கத்திலிருந்து வரவில்லை. நேராக அவர் காலுக்குக் கீழே.

காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். நாற்காலிக் கால்கள் அதிர்ந்தன.

மூன்று.

மூன்று.

அர்ச்சுனன் அழுதுவிட்டார். காலைக் கீழே இறக்கினார். பலமாக ஒரு தட்டுத் தட்டினார்.

“வர்றேன் நல்லம்மா... மெஷின கழட்டி வச்சிருந்தேன்... என் தப்புதான்...”

நின்றது.

ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்...

இடது தோளில் ஒரு கை.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

கை விலகியது. அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு 5:20க்குத்தான் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். இடது தோள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சோப்பு வாடை அடித்தது.

அதற்குப் பிறகு தட்டல் வரவில்லை. மறுநாள் காலையிலிருந்து மெஷினை மாட்டிக்கொண்டு 4:10க்குக் காத்திருப்பார். ஒரு சத்தமும் இருக்காது. நல்லம்மாள் மன்னித்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நம்பினார். மூன்று வாரம் நன்றாகத் தூங்கினார். மகளிடம் உண்மையைச் சொல்லவில்லை. அம்மாவே மன்னித்த பிறகு மகளை எதற்குப் புண்படுத்த வேண்டும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார்.

ஜனவரி பத்து, சனிக்கிழமை, காலை 11:30. டிசம்பரில் தள்ளிப்போட்டிருந்த பரிசோதனை. கலாதேவிதான் காரில் அழைத்துப் போனாள். ஷர்மினி மெஷின் இரண்டையும் வாங்கி, வயர் மாட்டி, கம்ப்யூட்டரில் இணைத்தாள். திரையில் கட்டம் கட்டமாக ஏதோ வந்தது. அவள் சொல்வது கேட்கட்டும் என்று ஒரு பழைய மெஷினை இவர் காதில் வைத்துவிட்டிருந்தாள்.

“அங்கிள், எத்தன மணி நேரம் போட்டீங்க, சுத்தி என்ன மாதிரி சத்தம், எல்லாத்தையும் இது பதிஞ்சு வச்சிருக்கும். என்ன அங்கிள் இது? செப்டம்பர்ல நாலு நாள்தான் ஒழுங்கா போட்டிருக்கீங்க. அப்புறம் ஞாயித்துக்கிழம மட்டும்தானா?”

அர்ச்சுனன் திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார்.

“நவம்பர் பதிமூனு?” கலாதேவியின் குரல். “வியாழக்கிழமை. மத்தியானம்.”

ஷர்மினி பார்த்தாள். “சாயங்காலம் அஞ்சரைக்கு மேலதான் ஆன் ஆகியிருக்கு, அக்கா. ஏன்?”

கலாதேவி திரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை. அந்த அறையிலிருந்து எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது அவருக்கு.

ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஷர்மினிக்குப் பட்டிருக்க வேண்டும். சமாளிக்கச் சிரித்தாள்.

“பரவால்ல லா. நவம்பர் கடைசியிலேர்ந்து சூப்பர். ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம். அதுலயும் டிசம்பர் இருவதுலேர்ந்து பேச்சு சத்தம் நெறைய இருக்கு. அமைதியான எடத்துல, பக்கத்துலயே, மெல்லிசான கொரல். ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கும் மேல. நல்லது அங்கிள், பேசிக்கிட்டே இருந்தாத்தான் காது பழகும். வீட்டுல யாரு இருக்கா?”

“யாரும் இல்ல” என்றாள் கலாதேவி.

“அப்ப டிவியா?”

“டிவி என் வீட்டுல இருக்கு.”

ஷர்மினி மறுபடி திரையைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. மவுஸைப் பிடித்திருந்த கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள்.

அர்ச்சுனன் மனசுக்குள் கணக்குப் போட்டார். நாலு மணி நேரம். மூன்று வாரமாக, தினமும். இவர் சாப்பிடும்போது. இவர் நாற்காலியில் சாய்ந்து, எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தபோது. காதருகில்... நல்லம்மாள் எதையோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். மெஷினுக்குக் கேட்டிருக்கிறது. அவருக்குக் கேட்கவில்லை.

“அந்தக் கொரல் ரொம்பத் தணிவா இருக்கு, அதான் உங்களுக்குக் கேட்டிருக்காது” என்றாள் ஷர்மினி மெதுவாக. அவள் கண் இவரைவிட்டு மகளிடம் போனது. “என்ன பேசுச்சுன்னு இதுல பதியாது. இனிமே கேக்குற மாதிரி தணிஞ்ச சத்தத்த மட்டும் தனியா கூட்டி வைக்க முடியும். ஆனா... வேணாமுன்னா விட்டுடலாம்.”

அர்ச்சுனன் வேண்டாம் என்று தலையசைத்தார்.

கலாதேவி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“கூட்டுங்க” என்றாள். “எங்கம்மா என்ன சொல்றாங்கன்னு அவருக்குக் கேக்கட்டும்.”

ஷர்மினி கூட்டினாள். மெஷின் இரண்டையும் திரும்ப அவர் காதில் மாட்டினாள்.