பேசாத அத்தை

உள்ளறையில் வளையல்கள் குலுங்கின. செருப்பு தரையில் தேய்ந்து தேய்ந்து நடந்தது. வலது கால் முன்னே, இடது கால் கொஞ்சம் தயங்கிப் பின்னே. மேசை மேல் ஒரு டம்ளர் வைக்கப்பட்டது. புடவை சரசரத்தது. பிறகு ஒரு பெருமூச்சு.

கூடத்தில் காத்திருந்த அம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"இவதான்! இவளைத்தான் தேடறார்!"

திரையை விலக்கிக்கொண்டு வந்தவள் கையில் வளையலே இல்லை. நரைத்த தலை, மெலிந்த வெறும் மணிக்கட்டு. ஒரு கையில் நூலில் கோத்த பழைய சாவிகள், மறு கையில் கசங்கிய ஒலிநாடாச் சுருள்.

"பயந்துட்டீங்களா அண்ணி?" என்றாள்.

வானொலி நிலையத்தில் அவளைச் சத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அறிவிப்பாளராகும் ஆசையில் குரல் தேர்வுக்குப் போனவள். "குரல் என்னம்மா, தகரத்துல ஆணி கிழிச்ச மாதிரி இருக்கு?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அழுகையோடு கைக்குட்டையைத் தேடியவள், கைப்பையை மைக்குக்குப் பக்கத்திலேயே கொட்டிவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் துள்ளி எழுந்தார். "அதை இன்னொரு தடவை கொட்டும்மா!"

அப்படிக் கிடைத்தது, நாடகங்களுக்குச் சத்தம் எழுப்பும் வேலை. சல்லடையில் காய்ந்த பட்டாணியை உருட்டி மழை பெய்வித்தாள். கொட்டாங்கச்சியால் குதிரை ஓட்டினாள். நாடகங்களில் எத்தனையோ பேர் அவள் சாத்திய கதவுக்குப் பின்னால் செத்துப்போனார்கள். அவள் குரல் மட்டும் கடைசிவரை காற்றில் ஏறவேயில்லை.

'மாமா வீட்டுக் காலை' நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். பல் துலக்கிய கையோடு ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவோம். மாமா தன் வீட்டுக் கூடத்தில் இருப்பதுபோலவே மைக் முன்னால் இருந்து பேப்பர் படிப்பார், பக்கத்து வீட்டைத் திட்டுவார், நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்வார். பின்னால் அவர் மனைவி நடமாடிக்கொண்டே இருப்பாள். பேசவே மாட்டாள். "என்ன, கோபமா?" என்று மாமா கேட்டால் ஒரு பாத்திரம் 'ணங்' என்று கீழே இறங்கும். "சரி தாயே, நான் வாயைத் திறக்கலை!" ஊரே சிரிக்கும்.

அந்தப் பாத்திரத்தை இறக்கியது சத்தக்கா. அத்தை என்று ஒருத்தி அப்படித்தான் பிறந்தாள். மைக் உயிரோடு இருக்கும்வரை மாமாவுக்கு மனைவி; சிவப்பு விளக்கு அணைந்ததும், "அண்ணே, நாளைக்கு எந்தப் பாத்திரம்?" என்று கேட்கும் தங்கை.

ஒருநாள் சளிபிடித்து மைக் முன்னால் இருமிவிட்டாள். அவ்வளவுதான், கடிதங்கள் மூட்டையாக வந்து இறங்கின. 'அத்தையைப் படுக்க விடுங்க மாமா, உங்களுக்கு நெஞ்சா, கல்லா?' இன்னொரு நாள், மனைவியோடு துணிக்கடைக்குப் போன மாமாவை ஒரு பெண் வழிமறித்தாள். "வீட்ல அத்தை தனியாக் கிடக்க, இங்க யார்கூட சுத்தறீங்க?"

அன்றைக்கு வயிறு குலுங்கச் சிரித்த அந்த நிஜ மனைவிதான் இன்று சத்தக்காவின் கூடத்தில் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஞாபகம் தப்பினதுலேர்ந்து அவரே அதைத்தான் கேக்கறார். 'நீங்க யாரும்மா? என் வீட்டுக்காரி எங்க?'ங்கறார். என் கையால ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கறார். எலும்பும் தோலுமா ஆயிட்டார். இதோ, இந்த வளையலை அவர் காதுகிட்ட ஆட்டினேன். 'இது வளையல் சத்தமே இல்லை'ன்னுட்டார். அவரே வாங்கிப் போட்டது அக்கா!"

"நிஜ வளையல் மைக்குல கிரீச்சுன்னு இருக்கும் அண்ணி. அதான் சாவி. நிஜப் புடவை கேக்கவே கேக்காது. அதான் இந்த நாடா." சத்தக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "அவர் காதுக்கு இதுதான் பழகிடுச்சு."

"அப்ப நீங்களே வந்துடுங்களேன்."

தாலி ஏறாத கழுத்து சத்தக்காவுடையது. பாழும் மனசு, போகலாமே என்று துடித்தது.

"என்னையும் மறந்துட்டாரா?"

"இல்லையே. காலைல எழுந்ததும் 'சத்தக்கா ஸ்டுடியோவுக்கு வந்துட்டாளா?'ன்னு கேக்கறார்."

"அப்ப நான் வந்தா சத்தக்காதான் வருவா. அத்தை வரமாட்டா." மூலையில் கிடந்த பெரிய செருப்பை எடுத்து அந்த அம்மாளின் காலடியில் வைத்தாள். "நீங்கதான் வரணும். போட்டுக்கோங்க."

பாடம் தொடங்கியது. சத்தக்கா நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள். அந்த அம்மாள் சாவிகளையும் நாடாவையும் வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய் நடந்து பார்த்தாள்.

"ஓடறீங்க! அத்தைக்கு ஒரு அவசரமும் கிடையாது."

"இப்ப?"

"இது திருடன் நடை. இடது காலை மறந்துட்டு, அப்புறம் ஞாபகம் வந்து இழுக்கணும்."

தடுமாறித் தடுமாறி நடந்தாள். திடீரென்று எதுவும் கேட்கவில்லை. தெருவில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, கூடம் மட்டும் சில்லென்று ஆயிற்று.

பிறகு அவள் வந்தாள்.

அது சத்தக்காவின் நடை இல்லை. மாமாவின் மனைவி நடையும் இல்லை. எந்தத் தாய் வயிற்றிலும் பிறக்காத ஒருத்தி, காற்றில் மட்டுமே குடித்தனம் நடத்தியவள், தன் பாட்டுக்குத் திரையைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். சாவிகள் வளையலாயின. டம்ளர் வைக்கப்பட்டது. நாற்காலிக்குப் பின்னால் ஒரு மூச்சு வந்து நின்றது. திரும்பிப் பார்க்க சத்தக்காவுக்குக் கழுத்து வரவில்லை.

"சரியா இருந்துதா?"

"பேசாதீங்க!" என்று அலறிவிட்டாள்.

கண்ணைத் திறந்தபோது பின்னால் நின்றது அந்த அம்மாள்தான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி, கேளுங்க. தட்டை வச்சுட்டு அவர் முதுகுக்குப் பின்னால நின்னுக்கணும். அவர் எது கேட்டாலும் பாத்திரம் பதில் சொல்லட்டும், இல்லைன்னா சாவி. நீங்க வாயைத் திறக்கக் கூடாது. அத்தை பேசினா அவ அத்தையே இல்லை. அவருக்கு அது நல்லாத் தெரியும்."

"ஒரு வார்த்தை கூடவா?"

"ஒரு வார்த்தை கூட."

"எத்தனை நாளைக்கு?"

சத்தக்கா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாள் சுவரைப் பார்த்தபடி நின்றாள். வாழ்நாளெல்லாம் அவரோடு வாய் ஓயாமல் பேசியவள். சண்டை போட்டவள். 'உங்க ரேடியோப் பொண்டாட்டி மாதிரி நான் ஊமை இல்லை' என்று குத்திக் காட்டியவள்.

"காலைல, 'கும்பிடறேன், ஒரு வாயாவது சாப்பிடுங்க'ன்னு சொன்னேன். அதான் கடைசிப் பேச்சா?" என்று கேட்டாள். பிறகு தானே பதில் சொல்வதுபோல் தன் தங்க வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். நாடாவை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வாசல் வரை கூட வந்தாள் சத்தக்கா. "என்கிட்டயாவது பேசிட்டுப் போங்க அண்ணி. இது உங்க வீடு இல்லை, இங்க பேசலாம்."

அந்த அம்மாளின் உதடு பிரிந்தது. எதையோ சொல்ல வந்து, எச்சிலை விழுங்கிக்கொண்டு தலையை மட்டும் அசைத்தாள். படியிறங்கினாள், வலது கால் முன்னே, இடது கால் தயங்கி.

அந்த நடையில் திருத்த இனி எதுவும் இல்லை. சத்தக்கா ஒரு சத்தமும் வராமல் கதவைச் சாத்தினாள்.