ரெண்டு கம்பி குறைச்சல்

நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். எங்கள் குழுவின் எந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்தாலும் டிரம்ஸுக்கும் வாழைமரத்துக்கும் நடுவில் ஒரு பாதி முகம் தெரியும். அது நான். வாழைமரம் முழுசாகத் தெரியும். கள்ளக்குறிச்சியைச் சுற்றிக் கல்யாண மண்டபம், சர்ச், திருவிழா என்று நான் ஏறாத மேடை குறைவு. இறங்கி வந்ததும் "நீங்களும் மேலயா இருந்தீங்க?" என்று கேட்காத ஆளும் குறைவு. பகலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். வாழ்க்கையில் நான் முன்னால் உட்காரும் இடம் அது ஒன்றுதான்.

இந்தப் பெருமையெல்லாம் எனக்குத் தொண்டையால் வந்தது. எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பது பேச்சுக்கு; பெஞ்சு காலியாக இருக்கக் கூடாதே என்று என்னை வைத்திருந்தார்கள். சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் சர்ச்சின் பாட்டுக் குழுவில் நானும் ஒருவன். அந்த வருஷம் எனக்குக் குரல் உடைந்தது. மற்றப் பையன்களுக்கு உடைந்தது, எனக்கு இடிந்து விழுந்தது. நான் 'அல்லேலூயா' என்று ஆரம்பித்தால் சர்ச்சுக்குப் பின்னால் கட்டியிருந்த எருமை பதில் சொல்லும். பாதிப் பேர் அதைப் பார்க்கத் திரும்புவார்கள், மீதிப் பேர் என்னைப் பார்ப்பார்கள்.

குழுவுக்குத் தலைவர் கீபோர்டு வாசித்த அண்ணன், உபதேசியார் மகன். அவருக்கு என்னைத் துரத்திவிட ஆசைதான். ஆனால் முடியாது. ஏனென்றால் குழு பயிற்சி செய்த இடம் எங்கள் வீடு.

வீடு என்று சொன்னால் பொய். பேஸ்மட்டம். இடுப்பு உயரத்துக்குக் கருங்கல் கட்டி, உள்ளே மண் கொட்டி, மேலே சிமெண்டு பூசியதோடு நின்றுபோன வீடு. சுவருக்கும் கூரைக்கும் சம்பாதிக்க அப்பா பெங்களூருக்குப் போயிருந்தார். நாங்கள் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, வரப்போகும் வீட்டைப் பார்த்தபடி குடியிருந்தோம். சமமான தரை, நாலு பக்கமும் காற்று, மேடை உயரம் என்று அதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. அம்மா சமையலறை என்று மனசில் குறித்து வைத்திருந்த மூலையில் டிரம்ஸ் பேடு நின்றது. "அடுப்பு மேல நிக்காதீங்கடா" என்று பாடகர்களை அவ்வப்போது விரட்டுவார். அவர்களும் இல்லாத அடுப்பை விட்டு ஓரடி தள்ளி நிற்பார்கள்.

அந்தச் சமயத்தில் டவுனில் ஒரு பெரிய சர்ச் புது வாத்தியங்கள் வாங்கி, பழைய பேஸ் கிட்டாரையும் அதற்கான ஆம்ப்ளிபயர் பெட்டியையும் எங்களுக்கு இனாமாகக் கொடுத்தது. கீபோர்டு அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. நேராக என்னிடம் கொண்டுவந்தார்.

"டேய், இது உனுக்குத்தான். ஒரே கண்டிசன். வாசிக்கும்போது வாயத் தொறக்கக் கூடாது."

இப்படித்தான் நான் இசைக் கலைஞன் ஆனேன்.

ஒரு பாட்டுக்கு மூன்று இடத்தில் விரல் வைத்தால் போதும் என்று சொல்லிக்கொடுத்தார். நான் மூன்று மாதம் ராத்திரி பகலாக அந்த மூன்று இடத்தைத் தேடினேன். விரல் நுனி காய்த்துப்போனது. அதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் தொட்டுப் பார்க்கக் கொடுத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக சர்ச்சில் வாசித்தேன். முடிந்ததும் அம்மா என்னை ஓரமாக இழுத்துப்போனார்.

"எல்லாருதும் கேட்டுச்சு. உன்னுது மட்டும் ஏன்டா கேக்கல? ஒயரு சொருவலியா?"

"கேட்டுச்சும்மா. அது அடியில கேக்கும்."

"அடியில இன்னா கீது, தரதான் கீது" என்றார் அம்மா, நிஜமாகவே குனிந்து பார்த்துவிட்டு.

எங்களோடு சித்தப்பாவும் இருந்தார். அப்பாவின் தம்பி. கட்டடங்களுக்குக் கம்பி கட்டுவது அவர் வேலை. காங்கிரீட் போடுவதற்கு முன்னால் இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, ஒவ்வொரு சந்திலும் மெல்லிய கட்டுக்கம்பியால் முடிச்சுப் போடுவார்கள் இல்லையா, அந்த வேலை. முடிச்சை முறுக்குகிற கொக்கி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். சாப்பிடும்போதும் இருக்கும். சர்ச்சில் முழங்கால் போடும்போது குத்தும். அப்படியும் எடுத்து வைக்க மாட்டார். அவர் என் கிட்டாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் லீடு கிட்டார் வாசிக்கும் பையனுடையதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"அவனுதுக்கு ஆறு கம்பி. உன்னுதுக்கு நாலு. ரெண்டு கம்பி குறைச்சல்டா. சவுண்டு எப்பிடி வரும்?"

"பேஸுக்கு நாலுதான் சித்தப்பா."

"யாரு சொன்னா?"

"கீபோர்டு அண்ணன்."

"அவன் கீபோர்டு கட்டையில ரெண்டப் புடுங்கினா அவன் சும்மா இருப்பானா? ஓசியில குடுக்கறவன் முழுசாவா குடுப்பான்? பேஸுன்னா பேஸ்மட்டம்டா. நம்ப வூடு மாதிரி, பாதியில நிறுத்தனது."

சித்தப்பா சொன்னது தெரு முழுக்கப் பரவியது. அன்றிலிருந்து எனக்குப் பேரே பேஸ்மட்டம். "பேஸ்மட்டம், எப்ப சொவுரு எழுப்பப் போற?" என்று டீக்கடையில் கேட்பார்கள். நான் சிரிப்பேன். கொட்டகைக்கு வந்து தலையணையில் குத்துவேன்.

டிசம்பர் மாதம் எங்கள் குழுவுக்குக் கல்வராயன் மலையில் ஒரு ஊரிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே சின்ன சர்ச். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு வந்து வாசிக்க வேண்டும். உள்ளூரைத் தாண்டி எங்களுக்கு முதல் மேடை. நான் எட்டாம் வகுப்பு முழுவதற்கும், கேட்காத ஏழாம் வகுப்புக்கும் அறிவித்துவிட்டேன். புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் கீபோர்டு அண்ணன் பேஸ்மட்டத்தில் நின்று வண்டிக் கணக்குப் போட்டார்.

"ஆம்ப்ளிபயர் பொட்டி ரெண்டாளு எடத்தப் புடிக்குது. பேஸு இந்தத் தபா வேணாம். கேக்காத வாத்தியத்த மல மேல ஏத்தி இன்னா பண்றது?"

கொட்டகை வாசலில் சோறு தின்றுகொண்டிருந்த சித்தப்பா வாயில் கவளத்தோடு எழுந்து வந்தார்.

"ரெண்டாளு எடமா? அது மேல நானு குந்திக்கிறேன். ஒரு ஆளு எடம் மிச்சம்."

"நீங்க எதுக்குண்ணே வர்றீங்க?"

"எறக்க ஆளு வேணாமா? அம்மாம் பெரிய பொட்டிய நீ தூக்குவியா?"

கீபோர்டு அண்ணனுக்கு அவர் விரல்கள் முக்கியம். யோசித்தார். "சரி. மேல போயி பாக்கறேன். இருக்கறதுக்கும் இல்லாததுக்கும் வித்தியாசம் தெரியலன்னா, வந்ததும் பொட்டியையும் கிட்டாரையும் வித்துட்டு நல்ல மைக்கு வாங்கிடலாம். இவனும் படிக்கட்டும்."

கிட்டாரை விற்பது கூடப் பரவாயில்லை. படிக்கட்டும் என்றாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது கிட்டார் பையை சித்தப்பா தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் வாங்கப் போனால் தரவில்லை. "நீ தொடாத. நானே எடுத்துகினு வரேன்." எனக்குப் பெருமையாக இருந்தது. பெரிய கலைஞர்களுக்குத்தான் பையைத் தூக்க ஆள் இருக்கும்.

சின்ன யானை என்று சொல்கிற குட்டிச் சரக்கு வண்டி கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியது. வளைவுக்கு ஒரு பாடகர் வாந்தி எடுத்தார். சித்தப்பா பெட்டிமேல் ராஜா மாதிரி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டே வந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் மேலே போய் எந்தப் பக்கம் திரும்பி நின்றால் அழகாக இருப்பேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மேலே நல்ல குளிர். சர்ச்சுக்கு வெளியே பந்தல் போட்டிருந்தார்கள். மலைக்காரர்கள் போர்வையோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோரும் வாத்தியத்தை எடுத்தார்கள். நானும் பையின் ஜிப்பை இழுத்தேன்.

ஆறு கம்பி.

நாலு என்னுடையது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கறுத்த கட்டுக்கம்பி. கீழே திருகில் சுற்றி, மேலே கிட்டாரின் கழுத்தைச் சுற்றி வளைத்து, கொக்கியால் முறுக்கி, நுனியைச் சுத்தமாக மடக்கிவிட்டிருந்தது. ஒரு தூணுக்குக் கட்டுகிற அக்கறையோடு கட்டியிருந்தார்.

"எப்பிடிக்கீது?" என்றார் சித்தப்பா. அவருக்கு முகமெல்லாம் பல்.

"அய்யோ சித்தப்பா, அவுத்துடு இத! அவுத்துடு!"

"அவுக்கறதா? அந்த முடிச்சு பூகம்பம் வந்தாலும் அவுராது. கொறடு வோணும். கொறடு வூட்ல கீது."

கீபோர்டு அண்ணன் பார்த்தார். கண்ணை மூடினார். ஏதோ ஜெபம் சொன்னார் என்று நினைக்கிறேன். அதற்குள் பேடு வாசிப்பவன் ஒன், டூ, த்ரீ என்று குச்சியைத் தட்டிவிட்டான்.

நான் தடித்த கம்பியை அடித்தேன். அது ஆடியது. தளர்வாகக் கிடந்த கட்டுக்கம்பி அதன்மேல் உரசியது. ஜ்ர்ர்ர்ர் என்று பெட்டியிலிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், புலிக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி. முன்வரிசைக் குழந்தைகள் எழுந்து நின்றன. நிறுத்தினால் பொட்டி விற்பனை, படிப்பு. நிறுத்தவில்லை. அதே மூன்று இடத்தில் விரல் வைத்து, ஜ்ர்ர், ஜ்ர்ர் என்று இழுத்தேன். பாட்டின் இரண்டாம் வரி வரும்போது பின்னால் ஒருவர் கை தட்ட ஆரம்பித்தார். கீபோர்டுக்கு அல்ல, என் ஜ்ர்ருக்கு. அப்புறம் பந்தல் முழுக்க அதே அடிக்குத் தட்டியது. போர்வைகள் கீழே விழுந்தன. பையன்கள் ஆட வந்துவிட்டார்கள். பாடகர்கள் வாந்தியை மறந்து பாடினார்கள். மூன்று பாட்டு என்று ஒத்துக்கொண்ட நாங்கள், தெரிந்ததையெல்லாம் பாடிவிட்டு, பாடியதையே திரும்பவும் பாடினோம்.

முடிந்ததும் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் மேடைக்கு அருகில் வந்தார்.

"ஏம்ப்பா, அந்த உறுமிகினு இருந்தது எது?"

எல்லோரும் என்னைக் காட்டினார்கள். பிறந்ததிலிருந்து நல்ல காரியத்துக்காக என்னை நோக்கி நீண்ட முதல் விரல்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா நடுவில் நுழைந்துவிட்டார்.

"நம்ப அண்ணன் பையன்தான். கம்பி நானு கட்டினது."

பெரியவர் குனிந்து முடிச்சைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் கட்டிக்கீற" என்றார். அதற்கப்புறம் சித்தப்பாவைப் பிடிக்க முடியவில்லை. சோறு போட்ட பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார். தண்ணீர் ஊற்றிய மலைக்காரப் பெண்ணிடம் சொன்னார். வண்டி டிரைவர் கூடவே இருந்து பார்த்தவர், அவரிடமும் சொன்னார். "கம்பி நானு கட்டினது." எனக்கு எரிச்சலாக வந்தது. வாசித்தவன் நான், கை தட்டு எனக்கு, நடுவில் இவர் எதற்கு என்று இருந்தது.

மலை இறங்கிக் கோமுகி அணை தெரிந்தபோது கீபோர்டு அண்ணன் சொன்னார்: "அது இன்னா சத்தம்னு எனுக்குத் தெரியல. பொட்டி இருக்கட்டும்."

கட்டுக்கம்பி துருப்பிடித்து ஒன்று சீக்கிரமே அறுந்தது. இன்னொன்றைக் குறடு வைத்து நானே எடுத்தேன். மறுபடியும் நான் வாசிப்பது யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் விற்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அடுத்த கோடையில் அப்பா பணத்தோடு வந்தார். பேஸ்மட்டத்தின்மேல் சுவர் எழுந்தது. குழுவுக்கு மேடை போயிற்று, அம்மாவுக்கு அடுப்பு வந்தது. தளம் போடுகிற நாள் காலையில் சித்தப்பா மேலேயிருந்து என்னைக் கூப்பிட்டார். கம்பி முழுவதையும் அவர் ஒருவரே கட்டி முடித்திருந்தார்.

"ஏறி வாடா. ஒரு தபா பாத்துட்டுப் போ."

ஏறினேன். வீட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை கட்டம் கட்டமாகக் கம்பி. சந்துக்குச் சந்து முடிச்சு, எல்லா நுனியும் ஒரே பக்கமாக மடக்கியிருந்தது.

"எப்பிடிக்கீது?"

"கம்பிதான சித்தப்பா."

"கம்பிதான். நல்லாப் பாத்துக்க. மத்தியானம் கலவயக் கொட்டிட்டாங்கன்னா அப்பறம் ஒருத்தனுக்கும் தெரியாது."

கீழே குழுவின் வண்டி ஹாரன் அடித்தது. அன்றைக்குத் திருக்கோவிலூரில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போக வேண்டியிருந்தது. எனக்கு அவசரம்.

"தெரியலன்னா இன்னா சித்தப்பா, வூடு நிக்கும்ல?" என்று சொல்லிவிட்டு ஏணியில் கால் வைத்தேன்.

சித்தப்பா கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். ஏதோ பெரிய வார்த்தையைச் சொல்லிவிட்ட மாதிரி பார்த்தார். அப்புறம் தலையைப் பின்னால் சாய்த்துச் சத்தமாகச் சிரித்தார். நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று எனக்குப் புரியவில்லை. கிட்டாரை எடுத்துக்கொண்டு வண்டியைப் பிடிக்க ஓடினேன்.