கரம்பொன்னில் ஓர் ஈலியக் கற்றை

எங்கள் ஆய்வுக்கூடம் ஐரோப்பாவில் இருக்கிறது. நான் கரம்பொன் என்ற கடலோர ஊரில் இருக்கிறேன். உறவெல்லாம் வெளிநாடு போய்விட்ட வீட்டை ஒரு மாதம் பார்த்துவிட்டுத் திரும்பலாமென்று வந்தவன், இரண்டாவது மாரிக்கும் இங்கேயே கிடக்கிறேன். வெளியே போய்வந்து கதவைத் திறக்கும்போது இருமிவிட்டுத்தான் உள்ளே போவேன். யாருக்கு அறிவிக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

அங்கே ஈலிய அயன்களை, அதாவது மின்னேற்றிய ஹீலியம் அணுக்களை, வேகப்படுத்தி, கற்றையாக்கி, தலைமயிரைவிட மெல்லிய ஓர் உலோகத் தகட்டில் அடிப்பார்கள். அடிபட்ட அணுக்கரு அருட்டப்படும்; சக்தி ஏறித் துடிக்கும். அடங்கும்போது காமாக் கதிர் விடும். ஒவ்வொரு கதிரும் கணினித் திரையில் ஒரு புள்ளியாக விழும்; ஒரே சக்தியில் புள்ளிகள் குவிந்தால் ஒரு முனையாக எழும். இங்கிருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. நாங்கள் ஆராயும் அணுக்கருவுக்கு இதுவரை ஒருவரும் காணாத அருட்டிய நிலை ஒன்று இருக்கவேண்டும் என்று வருடக்கணக்காகச் சாதிப்பவன் நான். அதைத் தேடக் கிடைத்ததோ இந்த ஒரு கிழமைதான், ஏழே நாள்.

ஒரு பின்னேரம், நான் சொன்ன இடத்துக்குக் கிட்ட ஒரு முனை எழுந்தது. கதிரையை உதைத்துக்கொண்டு எழும்பிக் கத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா மீன் வெட்டிய கையோடு ஓடி வந்தார்.

"என்ன, பாம்போ?"

"இல்லை அக்கா, அணுக்கரு."

"கடிக்குமோ?"

"கடிக்காது. ஆருக்கும் காட்டாததை எனக்குக் காட்டிப்போட்டுது."

திரையை உற்றுப் பார்த்தார். "இந்தக் குச்சிக்கோ இவ்வளவு சத்தம்? சரி, வடிவாத்தான் நிக்குது. உம்மடை ஆக்களுக்குச் சொல்லும்."

"உங்களுக்குத்தான் முதல் சொன்னனான்."

அக்கா என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

முனை வளர்ந்துகொண்டே இருந்தது. அரிதாய் வரவேண்டியது இப்படிக் கொழுக்கக் கூடாது. அதன் சக்தியைச் சரியாக அளந்து பார்த்தேன். தகட்டைப் பிடித்திருக்கும் அலுமினியச் சட்டத்தில் ஈலியம் பட்டால் வருகிற முனை. நேற்று இந்தத் துறைக்கு வந்தவருக்கும் தெரிந்தது. கற்றை விலகிச் சட்டத்தை அடித்துக்கொண்டிருந்தது. படம் பார்க்கப் போய்ப் படச்சட்டத்தைக் கண்டுபிடித்த மேதை நான்.

அங்கே கட்டுப்பாட்டு அறையிலும் முனையைக் கண்டு கைதட்டிக்கொண்டிருந்தார்கள்; கணினி வழியே கேட்டது. வாயை மூடியிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தட்டியிருப்பார்கள். சொன்னேன். கற்றையைத் திருத்தி, முதலிலிருந்து தொடங்கினார்கள். அந்த இடம் வெறுமையாய்க் கிடந்தது.

இருட்டுவதற்கு முன் அக்கா மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சிய ஒரு சட்டி கூழோடு வந்தார். "உம்மடை சந்தோசத்துக்கு."

"அக்கா, அது பொய்யாப் போச்சு."

"அப்ப இனி வராதோ?"

"வரும் எண்டுதான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"காய்ச்சினதைத் திருப்பிக் கொண்டுபோக ஏலாது. குடியும்."

"நீங்களும் இருந்து குடியுங்கோவன்."

"என்ரை மனிசன் கடலாலை வாற நேரம்."

கூழ் நாலு பேருக்குக் காணும். திரைக்கு முன்னால் இருந்து ஊதி ஊதிக் குடித்தேன். வெறுமையாய்க் கிடந்த அந்த இடத்தில் ஒரு புள்ளி விழுந்தது. ஒற்றைப் புள்ளியை நம்பக் கூடாதென்று மாணவர்களுக்குப் படிப்பித்தவனே நான்தான். வாயில் நண்டுக்காலோடு அடுத்த புள்ளி விழுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.