நாலு விரற்கடை லூஸ்

அவினாசி ரோட்டில் ஒரு கார் தீப்பிடித்ததாம். பெல்ட் கழலாமல் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்தபடியே வெந்துபோனார்களாம். கண்ணால் பார்த்தவர் எவருமில்லை. அன்னூர் பஸ்ஸில் யாரோ பேசியதைக் கேட்டு வந்த ஒருவர், உக்கடத்தில் கார் சீட் கவர் தைக்கும் சென்னியப்பனிடம் சொன்னார். சொன்ன கையோடு, தன் காரின் பெல்ட் கொக்கிகளைக் கவருக்கு அடியில் வைத்துத் தைத்துவிடும்படியும் கேட்டார். அவரைப் பார்த்து இன்னும் பலர் வந்தார்கள்.

"கேட்டாங்க, தெச்சுக் குடுத்துப்போட்டனுங்க" என்றார் சென்னியப்பன் என்னிடம், பின்னாளில்.

நான் அப்போது மெல்பர்னில் ஓர் ஆய்வுக் குழுவில் வேலை பார்த்தேன். சீட் பெல்ட் யார் உடம்பில் எங்கே படிகிறது, மோதும்போது எங்கே காயம் பண்ணுகிறது என்பதுதான் ஆய்வு. கோவை எனக்குச் சொந்த ஊர் என்பதால், தொண்ணூற்றெட்டு சனவரியில் ஆறு வாரம் அனுப்பிவைத்தார்கள். சேலை கட்டிய பெண்களை முன் சீட்டில் உட்காரவைத்து அளக்க வேண்டும். யார் சம்மதிப்பார்கள் என்று விமானத்திலேயே கவலை தொடங்கிவிட்டது.

சென்னியப்பன் கடை வாசலில் அது ஒரு விஷயமாகவே இல்லை. கவர் போட வந்த பெண்களிடம், "அம்மணி, செத்த முன்னால உக்காருங்க, தம்பி ஆஸ்திரேலியாவுலருந்து உங்க களுத்தப் பாக்க வந்திருக்குது" என்பார். சிரித்துக்கொண்டே உட்காருவார்கள். அவர் மனைவி ராசம்மாள் டேப் பிடித்து, தையல் சாக்பீஸால் பெல்ட்டில் கோடு போடுவார். நான் எழுதிக்கொள்வேன். நாற்பத்தொரு பேரை அளந்தோம். முப்பது பேருக்குப் பெல்ட் தோளில் படியாமல் கழுத்தில் உரசியது.

சென்னியப்பனைப் பெற்றவர்கள் அன்னூர்ப் பக்கம் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். அவர் மட்டும் பதின்மூன்று வயதில் ஊசியைப் பிடித்தார். இருபது வருஷம் ஜாக்கெட் தைத்தார். ஊரில் கார்கள் பெருகியதும் சீட் கவருக்கு மாறினார். துணி போய் ரெக்சின் வந்ததே தவிரக் கை மாறவில்லை. எதைத் தைத்தாலும் இரண்டு விரற்கடை கூட விட்டுத் தைப்பது அவர் வழக்கம். ஏன் என்று கேட்டதற்கு, "உசுரு உள்ள போயிட்டு வர எடம் வேணுமுங்க" என்றார்.

ராசம்மாள் தலை நிமிராமலே சொன்னார்: "கண்ணாலத்துக்கு எனக்குத் தெச்ச ஜாக்கெட்டுல இன்னொருத்தியும் பூந்துக்கலாமுங்க."

கழுத்தில் உரசுகிறது என்று நான்தான் சென்னியப்பனிடம் சொன்னேன். அதை அவர் தன் தையலில் கண்ட குறையாகவே எடுத்துக்கொண்டு, மறுவாரமே ஒன்றைத் தைத்துக் கொண்டுவந்தார். ரெக்சினில் ஒரு சின்னப் பட்டி, அதில் பிரஸ் பட்டன். கிளிப் என்பார். காரின் கதவுத் தூணருகே பெல்ட்டைக் கவ்விக்கொள்ளும். பெல்ட் உள்ளே சுருட்டிக்கொண்டு போகாது. நெஞ்சுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் நாலு விரல் தாராளமாகப் போகும்.

முதலில் போட்டுப் பார்த்தது அவர் மகள் பொற்கொடி. கொடுமுடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அப்போது நாலாம் மாதம். வாடகைக் கார் ஓட்டும் கணவர் பிரவின்குமாரோடு வந்திருந்தாள். பட்டனை அழுத்திவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்து, "பெல்ட் போட்ட மாதிரியே இல்லீங்கப்பா" என்றாள்.

சென்னியப்பன் என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க" என்றேன். போட்டோவும் எடுத்தேன்.

அதன்பிறகு, கொக்கிகளை மறைத்துத் தைத்துக்கொண்டு போனவர்களே திரும்பி வந்து பிரிக்கச் சொன்னார்கள். கிளிப் போட்டுக்கொண்டார்கள். கழுத்தில் உரசாததால் பெண்களும் பெல்ட் போட ஆரம்பித்தார்கள். அதையும் குறித்துக்கொண்டேன்.

சூன் முதல் வாரம் மெல்பர்ன் சோதனைக் கூடத்தில், அந்தப் போட்டோவைப் பார்த்து அதே நாலு விரற்கடைத் தளர்வை ஒரு பொம்மைக்கு வைத்து மோதவிட்டார்கள். பெல்ட் பிடிப்பதற்குள் பொம்மை வெகுதூரம் முன்னால் போய்விட்டது. இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பெல்ட்டின் கீழ்ப்பட்டி நழுவி வயிற்றில் ஏறியது. படத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். நான் மூன்று முறை பார்த்தேன்.

ஆங்கிலத்தில் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். தமிழில் கடிதம் எழுதவில்லை. கிளிப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் போயிற்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மேசையில் அவர் கடிதம் இருந்தது. பேசுகிற மாதிரியே எழுதுவார்.

"பொற்கொடிக்கு ஒம்பது மாசமுங்க. ஆனி பன்னண்டு, வெள்ளிக்கெளமை, கொடுமுடியில கட்டுச்சோத்து விருந்து. சோறு கட்டிக்கிட்டு நாங்க போயி, விருந்து முடிச்சு, மருமவன் கார்லயே புள்ளய நம்ம ஊட்டுக்குக் கூட்டியாரோமுங்க. பின்னால உக்காந்தா கொமட்டுதுங்கறா, அதனால முன்னாலதான். நம்ம கிளிப்பு மாட்டிக் குடுத்துப்போட்டேன். வயித்துல கொளந்த இருக்குதுங்களே, நாலு பத்தாதுன்னு ஆறு விரக்கடை உட்டிருக்கேன். நீங்க நல்லா இருக்குன்னீங்கள்ள, அதான் தைரியமுங்க."

ஆனி பன்னிரண்டு அன்றைக்குத்தான்.

கடிதத்தின் அடியில் ஒரு போன் நம்பர் இருந்தது. மருமகன் வீட்டுக்கு எதிரே அப்துல் வஹீது பாயின் சைக்கிள் கடை, கூப்பிட்டால் குரல் கொடுப்பார் என்று எழுதியிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாகப் பத்து நிமிஷம். நாலரை மணி நேரத்தைக் கழித்தேன். அங்கே பன்னிரண்டு இருபது. வெள்ளிக்கிழமை ராகு காலம் பன்னிரண்டுக்கு முடியும். அதற்கு முன் வயிற்றுப்பிள்ளைக்காரியை வாசற்படி தாண்ட விட மாட்டார்கள். முடிந்தபின் நேரம் கடத்தவும் மாட்டார்கள். கோவைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல்.

நம்பரைச் சுழற்றினேன். மணி அடித்தது.

சொல்ல வேண்டியது ஒரு வரிதான். கிளிப்பைக் கழற்றிவிட்டு, பெல்ட்டின் கீழ்ப்பட்டியை வயிற்றுக்குக் கீழே இறக்கி இறுக்கிப் போடச் சொல்லுங்கள். அந்த வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஏழாவது முறை அடித்தது, எட்டாவது முறை அடித்தது. அப்போதுதான் வெள்ளிக்கிழமை மதியம் என்பதும், பாய் கடையைச் சாத்திவிட்டுத் தொழுகைக்குப் போயிருப்பார் என்பதும் உறைத்தது. எதிர்வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். கார் வாசலில் நிற்கும். மூடிய கடைக்குள் மணியடிப்பது தெருவுக்குக் கேட்குமா என்று தெரியவில்லை.

பதினேழுக்கு மேல் எண்ணவில்லை. ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை. அங்கே மணி அடித்துக்கொண்டிருந்தது.