பூமலையில் எடுத்த படம்

எங்கள் குடும்பம் மொத்தமும் சேர்ந்து ஒரு பொய் சொன்ன ஞாயிற்றுக்கிழமை ஒன்று உண்டு. எனக்கு அப்போது ஏழு வயது. பொய் சொன்னால் வாயில் மிளகாய் வைப்பேன் என்று தினமும் அதட்டியவர்கள்தாம் அன்று எனக்குத் தலைவாரி, ரிப்பன் கட்டி, அந்தப் பொய்க்குள் நிற்க வைத்தார்கள்.

தம்பி பிறந்ததும் கடலுக்கு அந்தப் பக்கம் ஊரிலிருந்த தாத்தாவுக்கு அப்பா தந்தி கொடுத்திருந்தார். சில நாட்களிலேயே தம்பி சாமிகிட்டப் போய்விட்டான் என்றார்கள். அதே சமயம் தாத்தா நெஞ்சுவலி வந்து படுத்துவிட்டார். இதையும் சொன்னால் தாங்கமாட்டார் என்று அப்பா சொல்லாமல் விட்டார். தாத்தாவோ, கப்பலில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேரன் படம் எங்கே என்று கேட்டனுப்பிக்கொண்டே இருந்தார். ஒரு கல்யாணத்துக்கே ஆயிரம் பொய் சொல்லலாமாம், ஒரு உயிருக்கு ஒன்று சொல்லக் கூடாதா என்பது அப்பாவின் நியாயம். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த மாதங்களில் எதைக் கேட்டாலும் அம்மா அப்படித்தான் இருந்தார்.

பிள்ளை அடுத்த வீட்டில் கிடைத்தது. கிளமெண்டியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த கதவு ஒரு மலாய்க்கார அம்மாள் வீடு. அவர்கள் மொழியில் அத்தை என்கிற மாதிரி மக்சிக் என்று கூப்பிடுவோம். அவருடைய மகனுக்கும் ஏறக்குறைய தம்பியின் வயதுதான். மக்சிக் எதற்கு, ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பால்புட்டியையும் மாற்றுத் துணியையும் கூடையில் வைத்து, பிள்ளையை அம்மாவின் கையில் கொடுத்தார். அப்பா தயங்கித் தயங்கி மைச்சிமிழை நீட்டியபோது அவரே பிள்ளையின் கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். திருஷ்டிப் பொட்டு வைத்ததும் அவன் எங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டான். இவ்வளவு சுலபமா என்று எனக்கு வியப்பு.

எங்கள் ஆட்களின் கடைத்தெருவான தேக்காவில் ஸ்டூடியோ இருந்தது. ஆனால் அந்தக் கடைக்காரருக்கு எங்களை நன்றாகத் தெரியும். நாங்கள் வீடு வந்து சேருமுன் கதை கப்பலேறிவிடும். அதனால் மாமாவைப் பிடித்தார்கள். அவர் அம்மாவின் தம்பி. கல்யாண ஜோடிகளைத் தாவரத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் மரத்தடியில் நிறுத்திப் படமெடுப்பவர். அந்தத் தோட்டத்தை எங்கள் ஆட்கள் பூமலை என்பார்கள். அங்கேதான் எங்களையும் வரச்சொன்னார்.

போய் இறங்கியபோது நல்ல வெயில். கப்பல் பட்டறையில் இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்திருந்த அப்பா, நின்றபடியே கொட்டாவி விட்டார். மாமா அம்மாவை ஒரு மரத்தடியில் நிறுத்துவார், முகத்தைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், வேறு மரத்துக்கு நடத்துவார்.

"சட்டுன்னு எடுத்து முடி லா," என்றார் அப்பா.

"நேர் வெயில்ல எடுத்தா அக்காவுக்குக் கண்ணுக்குக் கீழ குழி தெரியும் மச்சான். பெரியவர் பார்த்த உடனே கண்டுபிடிச்சிருவாரு."

கடைசியில், கிளைகளின் நிழல் முடிந்து திறந்த வானம் தொடங்குகிற ஓரிடத்தில் அம்மாவை உட்கார வைத்தார். அங்கே வெளிச்சம் பால் மாதிரி இருந்தது. அம்மா பிள்ளையை மடியில் மார்க்கெட் பை போல வைத்துக்கொண்டு எங்கோ பார்த்தார்.

"அக்கா, நல்லா அணைச்சுப் பிடி. யார் வீட்டுப் பிள்ளையோ மாதிரி பிடிக்காத."

சொல்லிவிட்டு மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்புறம் வெகுநேரம் லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாவம், அவரும் என்னதான் செய்வார்!

அம்மா பிள்ளையைத் தூக்கித் தோளோடு சேர்த்தார். அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்தான். கன்னத்துப் பொட்டு அம்மாவின் சேலையில் அப்பிக்கொண்டது. மாமா எடுத்துக்கொண்டே இருந்தார். நானும் பக்கத்தில் நின்று வாய் வலிக்கப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. எனக்குச் சேர வேண்டிய மடியில் அவன் தூங்கிவிட்டான்.

மாமா பிலிம் சுருளைச் சுற்றி வெளியே எடுத்து, எங்கள் எல்லார் கண்ணெதிரிலும் அப்பா கையில் கொடுத்தார். முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று நான் கூடையைத் தூக்கினேன். அப்பா பிள்ளையை வாங்கக் கை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை.

"தம்பி, இன்னும் ஒன்னு எடு."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா புல்லைப் பார்த்தார். மாமா மறுபடியும் மண்டியிட்டு, காமிராவைக் கண்ணில் வைத்தார்.

"கொஞ்சம் இப்படித் திரும்பு அக்கா. ஆங். அப்படியே இரு, மேகம் விலகட்டும்."

வானத்தில் மேகமே இல்லை. அதில்தான் பிலிம் இல்லையே என்று சொல்ல வாயெடுத்த என் தோளை அப்பா அழுத்தினார். கால் வலித்தது, பசித்தது. பிலிமே இல்லாத காமிராவை வைத்துக்கொண்டு மாமா ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார், அம்மாவும் ஏன் அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.